தள்ளுபடியா, தவணை நீட்டிப்பா?

தேர்தல் நெருங்கும் காலத்தில் அரசியல்வாதிகளின் குரலில் ஒரு குளிர்ச்சி வந்து சேர்வதை நம் சங்க அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். நேற்றுவரை கோயிலையும் குருக்களையும் சாடியவர் தீர்த்தமலைத் திருவிழாவில் திருநீறு பூசிக்கொள்கிறார். தம் சாதியின் பெயரால் ஆள் திரட்டியவர் எல்லாத் தெருக்களிலும் கைகூப்பி நடக்கிறார். மதத்தின் பெயரால் முழங்கியவர் மஞ்சள் விலையையும் ஏரித் தண்ணீரையும் பற்றியே பேசுகிறார். இக்கனிவு யாருக்காக? தம் கட்சிக்காரருக்காக அன்று. அவர் எப்படியும் வாக்களித்துவிடுவார். மாற்றுக் கட்சிக்காரருக்காகவும் அன்று. அவர் எப்படியும் வாக்களிக்கப் போவதில்லை. இருவருக்கும் நடுவே, வாசலில் எந்தக் கொடியும் கட்டாமல், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் தீர்மானிக்காமல் இருக்கிறாரே ஒரு நெசவாளி, ஒரு குடியானவர், அவருக்காகவே இத்தனையும்.

இதனை நடுவழிக்கு வருதல் என்று மரியாதையாகக் கூறுவோர் உண்டு. பச்சோந்தித்தனம் என்று ஏசுவோரும் உண்டு. இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். எந்தக் கட்சிக்கும் வாக்குச் சேகரிப்பது நம் தொழிலன்று. அரசு ஊழியர்க்குரிய நடத்தை விதிகளும் அதற்கு இடம் கொடா. ஆயினும் கணக்கைப் புரட்டி, உள்ளது எது, ஒப்பனை எது என்று பிரித்தறிவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் நாம். ஆகையால் இவ்விஷயத்திலும் நம் தொழிலின் அளவுகோலை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அந்த அளவுகோலை அங்கத்தினர் அனைவரும் அறிவர். மழை பொய்த்த ஆண்டில் பயிர்க்கடனை வசூலிக்க இயலாது. அப்போது குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணையை நீட்டுகிறோம். அவ்வாண்டு நோட்டீஸ் இல்லை, வசூலுக்கு ஆள் வருவதில்லை. கடன் தொலைந்தது என்று எண்ணி நிம்மதியாக வீடு திரும்புகிறவர்களை அரூர் வட்டாரத்தில் ஒவ்வொரு வறட்சிக்குப் பின்னும் காண்கிறோம். ஆனால் அசல் அப்படியே இருக்கிறது, வட்டியும் நடந்துகொண்டிருக்கிறது. தள்ளுபடி என்பது முற்றிலும் வேறு. 2006-ஆம் ஆண்டிலும், சிறு குறு விவசாயிகளுக்கு 2016-ஆம் ஆண்டிலும், மறுபடி 2021-ஆம் ஆண்டிலும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. அரசாணை பிறந்தது, பேரேட்டில் கணக்கு நேர்செய்யப்பட்டது, அங்கத்தினர் கையில் எழுத்து மூலமான சான்று கிடைத்தது. 2021-இல் மட்டும் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடன் இவ்வாறு நீங்கிற்று.

மேடையில் கேட்ட வரியும் பேரேட்டில் ஏறிய வரியும் எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும் என்பதற்கும் அதே ஆண்டில் ஓர் உதாரணம் உண்டு. ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்கள் தள்ளுபடியாகும் என்பது தேர்தல் வாக்குறுதி. ஆணை வந்தபோது நிபந்தனைகளும் உடன் வந்தன. ஆய்வுக்கு எடுத்த ஏறத்தாழ 48 இலட்சம் கடன்களில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. நிபந்தனைகள் வேண்டாதவை என்று நாம் சொல்லமாட்டோம். ஒரே ஆள் பல சங்கங்களில் கடன் பெற்றதும் போலி நகை அடகு வைத்ததும் வெளிப்பட்ட பிறகு எந்த அரசும் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. எனினும் வாக்காளர் செவியில் விழுந்தது நிபந்தனையில்லாத வரியே.

இப்போது அரசியலுக்கு வருவோம். தீவிரமான ஒரு கொள்கையைக் கட்சி கீழே வைக்கும்போது, அது தள்ளுபடியா, தவணை நீட்டிப்பா? கேட்கவேண்டிய கேள்வி இஃதொன்றே. மனமாற்றம் உண்மையானதா என்று ஆராய்வதில் பயனில்லை. தணிக்கையாளன் சங்கத் தலைவரின் நெஞ்சைத் திறந்து பார்ப்பதில்லை, புத்தகங்களைத்தான் பார்க்கிறான்.

நம் மாநிலத்தில் இதற்குப் பெரியதோர் உதாரணம் 1963-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1949 செப்டம்பர் 17-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், திராவிட நாடு தனியே பிரியவேண்டும் என்பதை உயிர்க்கொள்கையாகக் கொண்டிருந்தது. தேர்தலில் நிற்பது என்று 1956-இல் திருச்சி மாநாட்டில் முடிவு செய்தது. 1957-இல் சட்டசபையில் 15 இடங்களும் 1962-இல் 50 இடங்களும் பெற்றது. வளர்ச்சிதான், ஆனால் 1962-இல் காங்கிரசுக்கு 46 விழுக்காடு வாக்குகள் கிடைத்தபோது கழகத்துக்குக் கிடைத்தவை 27 விழுக்காடே. காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை அவர்களே தோற்றார். பிரிவினை என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கிய நிதானஸ்தர்கள் ஊர்தோறும் இருந்தார்கள் என்பதை அக்கணக்கிலிருந்து ஊகிக்கலாம். அவர்களை விட்டுவிட்டு ஆட்சிக்கு வர முடியாது.

1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. கழகம் பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்து, நாட்டுப் பாதுகாப்புக்கு ஆதரவு தெரிவித்தது. நம் கணக்கில் இது தவணை நீட்டிப்பு. போர் முடிந்தால் பழைய பாக்கியை மீண்டும் கேட்கலாம். அடுத்த ஆண்டு அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி கூறாமல் எவரும் தேர்தலில் வேட்பாளராக நிற்க முடியாது என்றாயிற்று. ராஜ்ய சபையில் அதனை எதிர்த்துப் பேசிய அண்ணாதுரை, அது நிறைவேறிய பின்னர் கட்சியைக் கூட்டி விவாதித்து, 1963-இன் பிற்பகுதியில் கழகத்தின் சட்டதிட்டங்களையே திருத்தச் செய்தார். தனி நாடு என்ற குறிக்கோள் எடுக்கப்பட்டது. இந்தியாவின் ஒருமைப்பாட்டுக்கு உட்பட்டு, தென் மாநிலங்களுக்கிடையே நெருங்கிய உறவு என்பது எழுதப்பட்டது. பிரிவினை கேட்டதற்குரிய காரணங்கள் மறைந்துவிடவில்லை என்றும் அவர் மறைக்காமல் சொன்னார்.

இது சட்டத்துக்குப் பயந்து செய்த காரியம் என்று அன்றே பலர் இகழ்ந்தனர். பயமே காரணமென்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? ஒரு சங்கம் பதிவாளரின் எச்சரிக்கைக்குப் பிறகு துணைவிதியைத் திருத்தினால், திருத்தம் செல்லாது என்போமா? பேரவையில் தீர்மானம் நிறைவேறி, பதிவும் ஆகிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அதுவே விதி. பழைய விதியைக் காட்டித் தலைவர் ஒருவர் வந்து நின்றால், கடைசி அங்கத்தினர்கூட அவரைத் தடுக்கலாம். 1967-இல் ஆட்சிக்கு வந்த பின்னரும், 1971-இல் அதைவிடப் பெரிய பெரும்பான்மை பெற்ற பின்னரும், கழகம் தனிநாட்டுக் கோரிக்கையை எடுக்கவில்லை. 1969-இல் இராசமன்னார் குழுவை அமைத்தது; 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டசபையில் நிறைவேற்றியது. பழைய பாக்கி மீண்டும் உயிர்பெறவில்லை. ஆகவே 1963-இல் நடந்தது தள்ளுபடி.

இந்த வரலாற்றில் பலர் மறந்துவிட்ட ஒருவர் ஈ. வெ. கி. சம்பத். நம் அரூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965-இல். அதே சேலம் ஜில்லாவிலிருந்த நாமக்கல் தொகுதியிலிருந்து 1957-இல் மக்களவைக்குச் சென்றவர் சம்பத். திராவிட நாடு கைகூடாத கனவு என்று உள்ளிருந்தே வாதாடியவர். 1961-இல் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார்; அக்கட்சி 1962 தேர்தலில் எடுபடவில்லை; பிறகு காங்கிரசில் சேர்ந்தார். அவர் வெளியேறிய இரண்டே ஆண்டுகளில் அவர் சொன்னதைக் கழகம் தானே செய்தது. முன்கூட்டிச் சொன்னவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. காலமறிந்து சொன்னவருக்குக் கோட்டை கிடைத்தது. நியாயமா என்றால் நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தனியொருவர் விலகுவதும், ஓர் அமைப்பு தன் விதியைத் திருத்திக்கொள்வதும் வாக்காளரின் பார்வையில் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது.

தெய்வ விஷயத்திலும் கழகம் இறங்கி வந்தது. 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்பை நடத்தியபோது, பிள்ளையாரையும் உடைக்கமாட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கமாட்டோம் என்று அண்ணாதுரை கூறியதாக இன்றும் நினைவுகூருகிறார்கள். அறுவடையானதும் முதற்படி நெல்லைச் சாமிக்கு எடுத்துவைக்கிற குடியானவர் வீட்டில் இந்த ஒரு வாக்கியம் எத்தனை கதவுகளைத் திறந்திருக்கும்! அதன் பின்னர்தான் இராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் முஸ்லிம் லீக், இடதுசாரிகள் ஈறாகப் பலரும் 1967-இல் ஒரே அணியில் நிற்க முடிந்தது. இராஜாஜியும் இடம் மாறியவரே என்பதை மறக்கலாகாது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் முன் நின்றார்.

அரிசி விஷயத்தில் நடந்தது இன்னும் சுவையானது. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது 1967 தேர்தல் முழக்கம். பேராசைக்காரருக்கு மூன்று படி, சந்தேகப் பிராணிக்கு ஒரு படி! ஆயினும் இந்த முழக்கத்தை நாம் பழிக்கத் துணியமாட்டோம். இலட்சியம் எது, நிச்சயம் எது என்று பிரித்துச் சொன்ன முழக்கங்கள் பிற்காலத்தில் அபூர்வமாகிவிட்டன. ஆட்சி ஏற்றதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கினார்கள். பொக்கிஷம் தாங்காமையால் அது மாநிலமெங்கும் பரவவில்லை. அரூர் அந்த ஒரு படியைப் பார்க்கவில்லை.

1967-இல் மாநிலம் முழுவதையும் சேர்த்து எண்ணினால் காங்கிரசுக்கு 41 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். கழகத்துக்கு 40 விழுக்காட்டுச் சொச்சம். கழகம் போட்டியிட்ட தொகுதிகள் குறைவு என்பதும், மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது என்பதும் உண்மை. விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 வாக்குகளில். இந்த வெற்றியெல்லாம் கொள்கை தணிந்ததால் வந்தது என்று கூறுவது பொய்யாகும். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும், உணவுப் பஞ்சமும், இருபதாண்டு ஆட்சியின் மீது ஏற்பட்ட சலிப்பும் பெரிய காரணங்கள். எனினும், கோபம் கொண்ட வாக்காளர் அஞ்சாமல் நுழையத்தக்க வாசலாகக் கழகம் அதற்குள் மாறியிருந்தது.

அயல்நாடுகளிலும் இப்படியே. மேற்கு ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959-இல் கோடஸ்பெர்க் மாநாட்டில் பழைய மார்க்சியத் திட்டத்தை நீக்கிப் புதியது எழுதியது. 1966-இல் கூட்டு ஆட்சியில் இடம்பெற்று, 1969-இல் தலைமையே ஏற்றது. பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் விதிகளில் உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்ற நான்காம் பிரிவு 1918 முதல் இருந்தது. 1959 தோல்விக்குப் பின் கெய்ட்ஸ்கெல் அதனை மாற்ற முயன்று தோற்றார். 1995-இல் டோனி பிளேர் தனி மாநாடு கூட்டி மாற்றினார், 1997-இல் வென்றார். பேச்சில் எப்போதோ கைவிட்ட ஒன்றை எழுத்தில் நீக்க முப்பத்தைந்து ஆண்டுகளாயின என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்க உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1998-இல் பாரதிய ஜனதா கட்சி தோழமைக் கட்சிகளுடன் சேர்ந்து வெளியிட்ட தேசிய செயல்திட்டத்தில் அயோத்திக் கோயில், 370-ஆவது பிரிவு நீக்கம், பொது சிவில் சட்டம் ஆகிய மூன்றும் இடம்பெறவில்லை. தயங்கி நின்ற கட்சிகள் நெருங்கி வந்தன. 1999 முதல் 2003 வரை தி. மு. கழகமும் அந்த அணியில் இருந்தது. ஆனால் அம்மூன்றும் கூட்டணியின் திட்டத்தில்தான் இல்லாதிருந்தன. கட்சியின் கொள்கையிலிருந்து எடுக்கப்படவில்லை. தனிப் பெரும்பான்மை வந்த பின்னர், 2019 ஆகஸ்டில் 370-ஆவது பிரிவின் சிறப்பு அந்தஸ்து நீங்கிற்று. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2024 ஜனவரியில் அயோத்திக் கோயில் திறக்கப்பட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று இதனைச் சிலர் கூறுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பத்திரம் திறந்தே கிடந்தது. தவணை நீட்டிப்பைத் தள்ளுபடியென்று எண்ணிக்கொண்டது பார்த்தவர்களின் பிழை. அக்கொள்கைகளை விரும்பியவருக்கு அது மகிழ்ச்சி, விரும்பாதவருக்கு வருத்தம். இரு சாராருமே 1998-இல் பத்திரத்தைப் படித்திருக்கலாம்.

எழுத்தில் வந்த மாற்றம் மறுபடி மாறுவது கடினம் என்பதற்கு எம். ஜி. ஆர். காலத்துச் சான்றும் உண்டு. 1979-இல் பிற்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு கட்டினார். 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். உடனே வரம்பு நீங்கிற்று; ஒதுக்கீடும் 31 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாயிற்று. தேர்தல் பயத்தில் பிறந்த அரசாணைதான். ஆயினும் அதனால் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் நம் அங்கத்தினர் வீடுகளில் எத்தனையோ பேர்.

நம் ஜில்லாவின் அண்மைக் கால அனுபவத்தையும் சொல்லாமல் விட முடியாது. வன்னியர் சங்கப் போராட்டங்களின் வழியே 1989-இல் பிறந்த பாட்டாளி மக்கள் கட்சி, 2014-இல் தர்மபுரி மக்களவைத் தொகுதியை வென்றது. 2016 சட்டசபைத் தேர்தலில் அன்புமணி இராமதாஸ் அவர்களை முதலமைச்சர் வேட்பாளராக நிறுத்தித் தனித்து நின்றது. மாற்றம், முன்னேற்றம் என்பவை முழக்கம். மதுவிலக்கும் கல்வியும் வேளாண்மையும் முன்னே வந்தன. சாதி பின்னே போயிற்று. வேளாண்மைக்குத் தனி நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுவதை அக்கட்சி ஆண்டுதோறும் செய்து வந்தது. 2021-இல் தமிழக அரசே வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தபோது அதன் பயன் விளங்கியது. இவ்வளவு இருந்தும் 2016-இல் கிடைத்தது 5 விழுக்காட்டுச் சொச்சம் வாக்குகள், இடம் ஒன்றுமில்லை, பென்னாகரத்தில் அவரே வெற்றி பெறவில்லை. 2012-இல் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஆதிதிராவிடர் குடியிருப்புகள் எரிக்கப்பட்டு நான்காண்டுகளே ஆகியிருந்தன. மறுதெருவிலிருந்த வாக்காளர் புதிய முழக்கத்தைக் கேட்டார். அதற்கு ஈடாக எந்தக் கணக்கு நேர்செய்யப்பட்டது என்றும் பார்த்தார். முழக்கம் விளம்பரத் தட்டியில் இருந்தது. அவர் தேடியது அங்கே இல்லை. நாம் அவ்வாறே ஊகிக்கிறோம்.

இனி, நம் தொழிலுக்கு நேராக உறைக்கிற விஷயம். நடுவழிக்கு வருதல் எப்போதும் நல்லதென்று இதுவரை கூறியதைக் கொண்டு யாரும் எண்ணிவிட வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளர் கஞ்சித் தொட்டியை நாடிய காலத்தில், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று முதலமைச்சர் இராஜாஜி கேட்டார். அது நடுவழியன்று, ஆலை முதலாளிகளுக்கு எதிரான ஒருபக்கக் கோரிக்கை. 1953-இல் தி. மு. கழகத்தார் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அதுவும் ஒரு பக்கம் சேர்ந்து நின்றதே. அவ்விருவரும் மற்ற எதிலும் ஒத்துப்போகாத காலம் அது. ஆலைத்துணி மீது கூடுதல் தீர்வை விதித்து அத்தொகையைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடும் மத்தியச் சட்டம் அதே 1953-இல் வந்ததற்கு இத்தகைய பிடிவாதங்களும் காரணம்.

1985-இல் கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. தொடக்கத்தில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தக் கட்சியாவது கைத்தறிக்கு விரோதமாக மேடையில் பேசியதுண்டா? நாமறிந்து இல்லை. எல்லாரும் கைத்தறியைக் காப்போம் என்றார்கள். விசைத்தறிக்காரரும் வாக்காளர், ஆகவே அவரிடமும் காப்போம் என்றார்கள். 2023-இல் தமிழகத்தில் கைத்தறிக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000 ஆகவும் உயர்ந்தது. இரு தரப்புக்கும் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட ரகத்தை விசைத்தறியில் நெய்து கைத்தறியென்று விற்றால் யார் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டால், நடுவழியாளரிடம் விடையில்லை. மரவள்ளி பயிரிடுகிறவரும் அறிவார். கிழங்குக்கு விலை வேண்டும் என்று தோட்டத்தில் பேசிய அதே வாய், சேகோ ஆலையின் வாசலில் ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று பேசும். இருவரையும் பகைத்துக்கொள்ளாத பேச்சில் கிழங்கின் விலை ஏறுவதில்லை.

ஆகவே கனிந்த குரலோடு வருகிற வேட்பாளரிடம் நெசவாளரும் குடியானவரும் கனிவாகவே இரண்டு விவரங்களைக் கேட்கலாம். நீங்கள் கைவிட்டதாகச் சொல்லும் பழைய கொள்கை உங்கள் கட்சியின் சட்டதிட்டத்திலிருந்து எடுக்கப்பட்டதா? எடுக்கப்பட்டதென்றால் எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில்? புதிதாக ஏற்றதாகச் சொல்லும் நம் கோரிக்கை, அந்தப் 11 ரகங்களுக்குப் பாதுகாப்போ, மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் விலையோ, தேர்தல் அறிக்கையின் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது? அதனால் கோபங்கொள்ளப் போகிறவர் யார்? இதனை நெசவாளர் தெருவில் ஒருவரும் தோட்டத்துப் பக்கம் ஒருவரும் கேட்டு, கிடைத்த விடைகளைச் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. விடை சொல்ல மறுத்தவர் பெயரையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த தேர்தலுக்கு ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன.